நெய்னா மோதினாரின் திக்கல்

வாங்க என் செல்லங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. காதில் மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு முழுக்கதை சொல்லப்போகிறேன், பாதியில் எழுப்பிவிட மாட்டேன். என் குரல் நடுவில் கொஞ்சம் உயரும். அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை, பயப்படாதீர்கள். யார் மேல் என்று கதையே சொல்லும்.

சங்குமுனைப் பட்டணம் என்று ஒரு கடற்கரை ஊர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே இருக்கிறது. அந்த ஆலையில் காலை முறை வேலை பார்ப்பவள் நபீலா. வயது நாற்பத்தாறு. புருஷன் நெய்னா முகம்மது பெரிய பள்ளிவாசலில் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைத்த மனிதர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அப்போது மகன் ஷாகிருக்கு இரண்டு வயது.

அந்த மனிதரின் குரல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு ஊரை எழுப்ப அவர் ராகம் போட்டுப் பாடியதைப் பதிந்து வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் பள்ளியின் ஒலிபெருக்கியில் அதைத்தான் போடுவார்கள். "எழுந்திருங்க நோன்பாளிகளே, எழுந்திருங்க பிள்ளைகளே" என்று அந்தக் குரல் எழுப்பித்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் செத்தவர்களின் குரலைப் பேசவைக்கும் மிஷின் வந்துவிட்டது. பழைய பதிவுகளைக் கொடுத்தால் போதும், அந்தக் குரலில் புதுப்புதுப் பேச்சாகப் பேசும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும். காதுக்குப் பின்னால் கடுக்காய் விதை அளவுக்கு ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்கத் துணைக்கு இருக்கும். முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஜுனைத், ஊரில் அதற்காகவே ஒரு கடை போட்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நபீலாவிடம் வந்து, அக்கா முறை சொல்லி, "லாத்தா, மோதினார் காக்கா குரல் அழிஞ்சுடக் கூடாது. இருக்கிறதைக் கொடுங்க, பத்திரப்படுத்தி வைக்கிறேன்" என்றான். பாங்கு, ஸஹர் பாட்டு, மௌலிது ஓதியது எல்லாவற்றையும் அவளே கையால் எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை. ஆலையில் அவளுக்கு விடுப்பு. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து அரை மணி இருக்கும். ஷாகிர் குளிக்கப் போயிருந்தான். துவைத்த துணியை வைக்கலாம் என்று அவன் அறைக்குள் போனாள். மேசை மேல் சின்னத் தட்டில் காதுப்பொட்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்து குரல் வந்தது.

"என் மகனே, என் கண்ணின் குளிர்ச்சியே, அஸர் தொழுகை முடிந்ததும் மீன் ஏலக்கூடத்துக்குப் போய்விடு. பையைத் தூணின் அடியில் வைத்துவிட்டுக் கூட்டத்தின் நடுவில் நில். உன் உம்மாவிடம் விடைபெற வேண்டாம். அவள் அழுவாள், உன் கால் தளரும். நான் சொர்க்கத்தின் வாசலில் காத்திருக்கிறேன்."

அவர் குரல்தான். நபீலாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அழுகை வரவில்லை அவளுக்கு. உச்சந்தலையில் சுரீரென்று கோபம் ஏறியது. இவ்வளவு பேச்சையும் ஒரே மூச்சில் பேசிவிட்டார்! நெய்னா மோதினாரா?

விஷயம் இதுதான் செல்லங்களா. நெய்னா மோதினார் ஓதினால் ஆற்றுவெள்ளம். பேசினால் திக்குவாய். ராகம் போட்டால் ஓடும், ராகத்தை விட்டால் சிக்கும். "நபீலா, தண்ணி" என்று கேட்பதற்குள் அவள் தண்ணீரையே கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். செத்த மனிதரின் குறையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். நபீலாவும்தான். தகப்பனைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு நல்லதை மட்டும் சொல்லுவோம் என்று நினைத்தாள். "உன் வாப்பா வாயைத் திறந்தா தேனா ஊத்தும்" என்று சொல்லிச் சொல்லித்தான் சோறூட்டினாள்.

ஷாகிர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

"யாருடா இது?" என்றாள், தட்டைக் காட்டி.

அவன் முகம் வெளுத்தது. ஆனால் ஒளிக்கவில்லை. "வாப்பா."

"உன் வாப்பா மண்ணுக்குள்ள இருக்காரு."

"பேசுறாங்க உம்மா. ஒன்றரை வருஷமாப் பேசுறாங்க. நான் பரீட்சையில தோத்தப்ப ஊரே சிரிச்சுச்சு. வாப்பா மட்டும்தான் சாப்பிட்டியா மகனேன்னு கேட்டாங்க."

"நான் கேட்கலியா?"

"நீங்க ஏன்டா தோத்தேன்னு கேட்டீங்க."

அந்த அடி சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் நபீலா சொன்னாள். "மவனே, கேளு. உன் வாப்பா திக்குவாய். இப்படி ஒரு பேச்சை அவங்க ஆயுசுல பேசினதில்ல."

ஷாகிர் அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "நீங்க இப்படித்தான் ஏதாவது சொல்லுவீங்கன்னு வாப்பா முன்னாலேயே சொன்னாங்க. செத்தவங்க மேல பொய் சொல்ல வெக்கமா இல்லையா உம்மா?" பொட்டை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அறையைச் சாத்தித் தாழ்போட்டான்.

காவலர்களைக் கூப்பிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கதவை உடைக்கும் சத்தம் கேட்டால் பையை அவன் உள்ளேயே என்ன செய்வானோ! மாலை அஸருக்கு இன்னும் இரண்டு மணி நேரம். அவளும் அறைக்கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஜுனைத்தின் கடைக்கு ஓடினாள்.

ஜுனைத் மட்டும்தான் கடையில் இருந்தான். "வாங்க லாத்தா" என்று எழுந்தான். லாத்தா செருப்பைக் கழற்றினாள். முதல் அடி தோளில், இரண்டாவது தலையில். தொப்பி பறந்து போய் விழுந்தது.

"எங்க வூட்டு மையத்தை, செத்தவரோட குரலை, யாருக்குடா வித்தே?"

அவன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கீழே உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"சொல்லு. யாரு அவனுங்க?"

"நேர்வழித் தோழர்கள்னு பேரு லாத்தா. முப்பது வருஷத்துக்கு முன்னால எங்கேயோ ஒரு தேசத்துல சண்டை. வெளிநாட்டுக்காரன் வந்து குண்டு போட்டான். அப்ப ஒரே சிறையில அஞ்சு பேரு கிடந்திருக்காங்க. அதுல ஒருத்தர் நல்லாப் பேசுவாராம். தம்பியைப் பறிகொடுத்தவரு, காயம் உண்மையான காயம்தான். வெளிய வந்து கூட்டம் சேர்த்தாரு. அவரைத் தலைவர், அமீர்னாங்க. ரெண்டே வருஷத்துல செத்துட்டாரு. மத்த நாலு பேருக்கும் பேச்சு வராது. அதனால அவரு குரலை மிஷின்ல பேசவெச்சாங்க. உயிரோட இருந்தப்ப நூறு பேரு கேட்டான். செத்தப்புறம் பத்தாயிரம் பேரு கேட்டான்."

"ஏன்?"

"செத்தவரு சோர்ந்து போகமாட்டாருல்ல லாத்தா. மனசு மாறமாட்டாரு. தப்பா சொல்லிட்டேன்னு மன்னிப்புக் கேட்கமாட்டாரு. அப்புறம்தான் அவங்களுக்கு விளங்குச்சு. எல்லாருக்கும் ஒரே அமீர் எதுக்கு? அவனவன் வீட்டு மையத்தே போதும்."

"என்னதான் வேணுமாம்?"

"உலகம் முழுக்க ஒரே ஆட்சின்னு சொல்லுவாங்க."

"அந்த ஆட்சியில குழாயில தண்ணி விடுறது யாரு? பள்ளிக்கூடம் நடத்துறது யாரு?"

"நானும் கேட்டேன். கேட்டா குரல் பேச்சை மாத்திடும். நிஜமா வேணுங்கிறது வேற லாத்தா. ஏலக்கூடத்துல நம்ம ஆளும் கடற்கரை மாதா கோயில் வேதக்கார ஆளும் ஒரே தராசுக்கு முன்னால நின்னு சண்டையும் சிரிப்புமா யாவாரம் பண்றாங்கல்ல. அதுதான் அவங்க கண்ணை உறுத்துது. அங்க ஒண்ணு வெடிச்சா மறுநாள் நம்ம பிள்ளைங்க முகத்துல ஊரே காறித் துப்பும். துப்பு வாங்கின பிள்ளை எங்க போவான்? அவங்ககிட்டதான் வருவான்."

"எம்புள்ளையை எப்படிடா பிடிச்சீங்க?"

"முதல்ல ஒண்ணுமே கேட்காது. சாப்பிட்டியா, தூங்கினியான்னு விசாரிக்கும். மூணாம் மாசம் ஒரு சின்ன ரகசியம். இதை உம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்லும். சொல்லாம இருந்தா மெச்சும். அப்புறம் உம்மா ஓதுற மௌலிது தப்பு. தர்காவுக்குப் போறவன் தப்பு. பள்ளி இமாம் கூலிக்குத் தொழவைக்கிறவரு. பக்கத்துத் தெருக்காரன் எதிரி. கடைசியில அந்தக் குரலைத் தவிர உலகத்துல ஒருத்தரும் சரியில்லைன்னு ஆகிடும்."

"இவ்வளவும் தெரிஞ்சும் நீ எடுத்துக் கொடுத்தியே, உன் கை அழுகிப் போகாதா?"

ஜுனைத் தலையைத் திருப்பினான். தொப்பி இருந்த இடத்தில், காதுக்குப் பின்னால், ஒரு பொட்டு.

நபீலாவின் செருப்புக் கை அப்படியே நின்றது. "யாரு குரல்?"

"எங்க உம்மா" என்றான். "லாத்தாகிட்ட எதுவும் சொல்லாதேன்னு இப்பவும் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

இரக்கப்பட அவளுக்கு நேரமில்லை. "என் நிக்காஹ் வீடியோ. வெட்டாதது. எடு."

அது என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். நிக்காஹ் சபையில் மாப்பிள்ளை வாயைத் திறந்து, எல்லார் காதிலும் விழ, ஒப்புக்கொண்டேன் என்று பொருள்படும் 'கபில்து' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். அதை ராகம் போட்டுச் சொல்ல முடியாதே! அன்றைக்கு நெய்னா மோதினார் மாட்டிக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த நபீலா அந்த நேரம் முழுவதையும் காதால் கேட்டாள். சாச்சிமார் முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மறுநாளே ஜுனைத்தைக் கூப்பிட்டு, "அதை வெட்டிடு" என்றாள். வெட்டியதுதான் அவள் வீட்டில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அவனிடம் கொடுத்திருந்தாள். மிஷின் தின்றதெல்லாம் அவள் சீவிச் சிங்காரித்த புருஷனை.

ஜுனைத் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய பதிவு அட்டையை எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். காதுக்குள் அவன் உம்மா அவனைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். உள்தாழ் அப்படியே இருந்தது. அவள் தட்டவில்லை. கூடத்துத் திரையில் அட்டையைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சபையின் இரைச்சல். நிக்காஹ் ஓதிவைக்கும் கத்தீபின் குரல். அப்புறம் அமைதி. பிறகு, "க… க…" என்று ஒரு குரல் முட்டியது. நின்றது. மறுபடி முட்டியது. மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. "க… கபி… க…" ஒரு நிமிஷம் ஓடியது.

யாரோ ஒரு வயசாளி குரல் கொடுத்தார். "மாப்பிள்ளே, பாங்கு ராகத்துல சொல்லும், வந்துடும்!"

சபை வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். விக்கல் எடுப்பதுபோல, உள்ளுக்கு இழுத்து இழுத்து ஒரு சிரிப்பு. பின்னால் யாரோ இருமினார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்த ஈரத்திலேயே சொல்லும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

தாழ் திறந்தது. ஷாகிர் வாசற்படியில் நின்றான். திரையில் கழுத்தில் மாலையோடு, நெற்றியெல்லாம் வியர்வையாக ஒரு மனிதர். ஷாகிரும் சிரித்தால் உள்ளுக்கு இழுத்துத்தான் சிரிப்பான். எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

"இது…" என்றான்.

"உன் வாப்பா. நான்தான் வெட்டச் சொன்னேன். என் தப்பு."

அப்போது அவன் முகம் மாறியது. காதுக்குள் அவனுக்கு ஏதோ கேட்டது. பொட்டை எடுத்துத் தட்டில் வைத்தான். குரல் வெளியே வந்தது.

"ம… ம… மகனே. உ… உன் உம்மா சொ… சொல்வதை நம்பாதே."

நபீலாவுக்கு விளங்கிவிட்டது. பொட்டு அவன் காதில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. கேட்டதைக் கற்றுக்கொண்டும் விட்டது.

ஷாகிர் மெல்லக் கேட்டான். "நேத்து வரைக்கும் திக்கலியே வாப்பா?"

"உ… உனக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் ம… மறைத்தேன் மகனே."

நல்ல பதில்தான். அவன் கண்ணில் ஒரு நொடி ஆசை வந்ததை நபீலா பார்த்தாள். நம்பிவிடலாமா என்ற ஆசை.

"அப்ப ஒரு தடவை சிரிங்க வாப்பா" என்றான்.

அது சிரித்தது. உள்ளுக்கு இழுத்து இழுத்து, அப்படியே, அச்சாக. அந்தச் சிரிப்பின் வாலில், சபையில் யாரோ இருமிய இருமலும் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஷாகிர் முற்றத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். நபீலா அவன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இன்னும் எத்தனை பேருடா?"

"ஒன்பது பேரு உம்மா, என்னோட சேர்த்து. அஞ்சு பேரு பையோட. மத்தவங்க வழி பார்க்கிறவங்க. எல்லாருக்கும் வாப்பா குரல்தான். ஸஹர் குரல்னா எல்லாருக்கும் நம்பிக்கை." வாயைத் துடைத்தான். "உம்மா, அதுக்கு நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரியும். அவங்களை இப்பவே கிளம்பச் சொல்லும்."

காவல் நிலையத்துக்குச் சேதி சொல்லச் சொல்லி அவனை விட்டுவிட்டு, அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். சங்குமுனையில் பெண்கள் மைக் அறைக்குள் போனதில்லை. வாசலில் ஜமாஅத் தலைவர் சதக்கு ஹாஜியார் மறித்தார். எல்லாவற்றையும் மூச்சுவாங்கச் சொன்னாள்.

"போலீஸ் பார்த்துக்கும்மா" என்றார் ஹாஜியார். "நம்ம மோதினார் திக்குவாய்னு ஊரெல்லாம் மைக்குல சொல்லணுமா? மௌத்தானவரு கண்ணியம் என்ன ஆகுறது?"

"கண்ணியமா?" நபீலாவின் குரல் ஹவுதுத் தண்ணீரில் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தவர்களை எல்லாம் திரும்பிப் பார்க்கவைத்தது. "தொழ வாங்கன்னு கூப்பிட்ட குரலைச் சாக வாங்கன்னு கூப்பிட வெச்சிருக்கானுவ. அதுக்கு மேலயா ஹாஜியார் கண்ணியம் போயிடப்போகுது? நகருங்க!"

அவர் நகர்ந்தார்.

முதலில் அட்டையை ஓடவிட்டாள். ஊரின் நான்கு மூலையிலும் நெய்னா மோதினார் திக்கினார். கடைத்தெருவில் தராசு நின்றது. பெரியவர்கள் தலையைக் குனிந்தார்கள். அப்புறம் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"பிள்ளைகளா, நான் மோதினார் பொண்டாட்டி பேசுறேன். இதுதான் அவங்க. உங்க காதுல பேசுறது அவங்க இல்ல. அவங்க யாரையும் அடிச்சதில்ல. வேதக்காரப் பிலோமி அக்கா மீன் கூடையை இறக்கிவெக்க நம்ம வாசல்ல இடம் விட்டவங்க. கேளுங்க, இப்ப உங்க காதுல உள்ளதும் திக்கும் பாருங்க. இதைக் கேட்டப்புறம்தான் திக்கும். சிரிக்கச் சொல்லிப் பாருங்க. இருமலும் சேர்ந்து வரும். வீட்டுக்குப் போங்கடா. உங்க உம்மாமாரு திட்டுவாங்க, போய்த் திட்டு வாங்குங்க. திட்டுறவங்கதான்டா உசிரோட இருக்கிறவங்க!"

ஒன்பது காதுகளில் ஒரே மிஷின்தான். ஒரே நேரத்தில் எல்லாக் காதிலும் அது திக்கத் தொடங்கியது. துறைமுகச் சாலையில் ஒருவன் பையை வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து கதறினான். மாமரத்தடியில் இரண்டு பேர் காவலர்களிடம் தாங்களாகவே கையை நீட்டினார்கள். ஷாகிரோடு சேர்த்து எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்.

ஒன்பதாமவன் பாஹிம். அவன் முன்னாலேயே புறப்பட்டிருந்தான். நபீலா வீட்டுக் கூடத்தில் வீடியோவைப் போட்ட அந்த நிமிஷமே, குரல் அவனை முதலில் கிளப்பிவிட்டது. வண்டியில், காற்றில், கடலோரமாகப் போனவனுக்கு ஒலிபெருக்கி கேட்கவில்லை; காதில் குரல் ஏன் திக்குகிறது என்றும் தெரியவில்லை. அவள் மைக்கைக் கீழே வைக்கும்போது துறைமுகப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. பள்ளியின் கண்ணாடிகள் அதிர்ந்தன.

பாஹிமோடு இன்னும் நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பிலோமி.

அவனுங்கள் நினைத்தது நடந்ததா என்றால், கொஞ்ச காலம் நடந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் ஏலக்கூடத்தில் நம் ஆட்கள் கால் வைக்க முடியவில்லை. இரண்டு கடைகள் எரிந்தன. ஏழாம் மாதம் பிலோமியின் மகள் செல்வராணி கூடையோடு நபீலா வாசலுக்கு வந்தாள். ஒன்றும் பேசாமல் கூடையை இறக்கிவைத்து, "என்ன மீன் வேணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். அவ்வளவுதான். அங்கிருந்துதான் மறுபடி ஆரம்பம்.

ஷாகிருக்கு மூன்று வருஷம் சிறை. நபீலா மாதம் தவறாமல் போய்ப் பார்ப்பாள். ஏன்டா தோத்தே என்று கேட்ட வாயால் இப்போது முதலில் சாப்பிட்டியா என்று கேட்கிறாள். அவன் சிரித்துவிடுவான்.

தூரதேசத்தில், அமீரோடு சிறையில் கிடந்த அந்த நாலு பேரையும் பிடித்தார்கள். குளிரூட்டிய ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார்களாம், தாடியெல்லாம் வெளுத்துப்போய். சங்குமுனையை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டதற்கு, "அமீர் சொன்னார்" என்றார்கள். நாலு பேர் காதுக்குப் பின்னாலும் பொட்டு இருந்தது. உத்தரவு போட்டது உயிருள்ள எவனும் இல்லை. யார் மேல்தான் செருப்பை எறிவது, சொல்லுங்கள்!

இரண்டு வருஷம் கழித்து ஜுனைத் சிறையிலிருந்து வெளியே வந்தான். ஒரு நாள் அஸர் நேரத்தில் நபீலாவின் வாசலில் நின்றான். அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேட்க வரல லாத்தா. பொட்டைப் பிடுங்கிட்டாங்க. ஆனா தலைக்குள்ள எங்க உம்மா இன்னும் பேசுறாங்க. எது நிஜமா உம்மா சொன்னது, எது மிஷின் சொன்னதுன்னு பிரிக்கத் தெரியல. ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க எங்க உம்மாவோட பழகினவங்க. அவங்ககிட்ட ஏதாவது ஒரு குறை இருந்தா சொல்லுங்க லாத்தா. ஒண்ணே ஒண்ணு போதும்."

நபீலாவுக்குப் பிலோமியின் முகம் கண்ணில் வந்து நின்றது. கதவைச் சாத்தக் கை எழுந்தது. சாத்தவில்லை.

"உங்க உம்மா சமையல்ல பாதி நாள் உப்புப் போட மறந்துடுவா" என்றாள். "யாராவது சொல்லிட்டா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. மூணாம் நாள் அவளே வந்து, அன்னைக்கு உப்பு இல்லதான் இல்லியாடின்னு கேட்பா."

ஜுனைத்தின் உதடு கோணியது. "ஆமா" என்றான். "ஆமா லாத்தா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க." வாசற்படியிலேயே உட்கார்ந்து, உம்மா செத்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதான்.

அவ்வளவுதான் செல்லங்களா, கதை முடிந்தது. மடியில் வைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் திக்கிப் பேசுகிறவரும், உப்பு மறக்கிறவளும், ஏன் தோற்றாய் என்று கத்துகிறவரும் நெடுங்காலம் நலமாக இருக்கட்டும். அவர்கள் சத்தம் உங்கள் கூடத்தை விட்டு நீங்காதிருக்கட்டும். உங்கள் வாசலில் யார் கூடையை இறக்கிவைத்தாலும் இடம் இருக்கட்டும். படைத்த ரப்பு உங்கள் வீட்டை நிறைத்து வைப்பானாக.